விருந்தாளிக்கு இடது கையால் பரிமாறச் சொன்ன விளையாட்டு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டேப்லட்ல கேம் வெளயாண்டே கையச் சரி பண்ணிட்டாங்களாமே?" யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. கேட்கிறவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது, மறுத்துச் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

என் பெயர் வளர்மதி. புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். வண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது நான். ஆபீஸ், லைசென்ஸ் வேலை எல்லாம் என் வீட்டுக்காரர் முருகேசன். "மேடம் இல்லையா, சார்தான் சொல்லிக்குடுப்பாரா?" என்று கேட்டு வருகிற பெண்கள்தான் எங்களுக்கு அதிகம். கோபக்காரி என்று பெயர் உண்டு. ஆனால் என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நடுரோட்டில் நின்றதில்லை.

கை விழுந்துபோன அன்றைக்குக் காலையில் குடுமியான்மலை ரோட்டில் ஒருவருக்கு வகுப்பு. துபாயில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இருபது வருஷமாக அடுப்பைத் தவிர எதையும் பார்க்காத மனிதர், ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடிப்பார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், அது நழுவி மடியில் விழுந்தது. இடது கையால் எடுக்கப் போனேன், கை வரவில்லை. "நிறுத்துங்க" என்று சொன்னேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல ஏதோ வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பாதி முகம் தொங்கியிருந்திருக்கிறது. அப்படியே வண்டியைத் திருப்பி நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டார்.

பிரச்சினை என்னவென்றால், அவருக்கு நான் அதுவரை இரண்டாவது கியர் வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து டவுன் வரைக்கும் வண்டி இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு வந்தது. மூன்றாவது போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உயிர் போய்விடுமோ என்ற பயத்தைவிட இன்ஜின் போய்விடுமோ என்ற எரிச்சல்தான் அப்போது எனக்கு இருந்தது. ஆனாலும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார்கள். மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் ஒரு சின்ன அடைப்பு. வலது மூளைதான் உடம்பின் இடது பக்கத்தை ஆட்டி வைக்கிறதாம், அதனால் இடது பக்கம் படுத்துவிட்டது. அடைப்பைக் கரைக்க ஊசி போட்டார்கள். சீக்கிரம் வந்ததால்தான் போட முடிந்தது, தாமதித்திருந்தால் பலன் இல்லை என்றார் டாக்டர். பேச்சு திரும்பியது. திரும்பியதும் முதல் வேலையாக அந்தத் துபாய்க்காரரைத்தான் திட்டினேன் என்று முருகேசன் சொல்கிறார். காலும் மெதுவாக வழிக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் நம் வீட்டில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார், கியர் இடது கையில். இடது கை இல்லையென்றால் எனக்கு வண்டி இல்லை. முருகேசன் ஆறுதல் சொன்னார். "இப்ப என்ன, பக்கத்து சீட்ல ஒக்காந்து வாயால சொல்லிக்குடுத்தாப் போதும்ல?" போதாது. கற்றுக்கொடுக்கிறவளால் ஓட்டிக் காட்ட முடியாது என்றால் யார் வருவார்கள்? அதை விடுங்கள். நினைத்த நேரத்துக்கு நானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போவது என்பதை நான் சும்மா சம்பாதிக்கவில்லை. அது போய்விடுமோ? படுக்கையில் கிடந்த அத்தனை நாளும் எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

தெரபி அறைக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். அங்கே உட்கார்ந்தால் நோயைவிடப் பெரிய தொல்லை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். எந்த ஊர், என்ன சாதி, எத்தனை பிள்ளைகள், எப்படி வந்தது, பிரஷர் உண்டா, கோபப்படுவீர்களா. "கோவப்பட்டாத்தாங்க வரும்" என்று ஒரு பெரியவர் தினமும் என்னிடம் சொல்லிச் சொல்லியே எனக்குப் பிரஷரை ஏற்றினார்.

தெரபிஸ்ட் ஜெனிபர், ஆவூர்ப் பெண். சின்ன வயது, ஆனால் பிடி இரும்பு. ஒருநாள் டேப்லட் ஒன்றைக் கொண்டுவந்து கட்டில் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, இதுல கைப் பயிற்சிக்கு வெளயாட்டு இருக்கு. ஒங்களால எவ்வளவு முடியுதுன்னு அதுவே பாத்துக்கும். முடிஞ்சா கொஞ்சம் கஷ்டமாக் குடுக்கும், முடியலன்னா சுலபமாக்கிக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. எடது கையாலயே வெளயாடணும், என்ன?"

மாத்திரை மயக்கத்தில் தலையாட்டினேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நானும் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறேன். லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவரை முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் விடமாட்டேன். டிராக்டர் ஓட்டிப் பழகிய ஆளுக்குக் கிளட்ச் சொல்லித்தர வேண்டாம், பொறுமைதான் சொல்லித்தர வேண்டும். ஆனால் நான் முதலில் ஆளைப் பார்ப்பேன். அந்த டேப்லட் என்னைப் பார்க்கவே இல்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டது.

பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் பாதிப்பு என்று கேட்டுவிட்டுக் கடைசியில், உங்களுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டது. தோட்டம், சமையல், விளையாட்டு, கடைவீதி. முருகேசன் கொஞ்சமும் யோசிக்காமல் சமையலைத் தொட்டார். எங்கள் வீட்டில் பாதி நாள் சமைப்பதே அவர்தான்.

"எனக்குச் சமையல் புடிக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பொம்பளைக்கு வேற எதப் போடுறது? வண்டின்னு அதுல இல்லையே."

முதலில் வந்தது பலூன் உடைக்கிற விளையாட்டு. இடது கையைத் தூக்கித் திரையில் தொட வேண்டும். கையைத் தூக்கி வைப்பதற்குள் பலூன் போய்விடும். உடனே செய்தி வாசிக்கிற குரலில் ஒரு பெண் சொல்வாள்: "பரவாயில்லை வளர்மதி, மீண்டும் முயலுங்கள்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண் எதிரில் இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பரவாயில்லை என்று கேட்பது? பலூன் பெரிதானது, மெதுவாக வந்தது, அப்போதும் போனது.

நான் தோற்றுக்கொண்டே இருந்ததைப் பார்த்து, எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று அந்தச் சாமான் தானாகவே முடிவு செய்துவிட்டது. பலூனை எடுத்துவிட்டு எனக்குப் பிடித்த சமையலைக் கொண்டுவந்தது. அதே சமயம் ஜெனிபரும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லீவில் போய்விட்டாள். வார்டு நர்ஸ் டேப்லட்டைக் கொடுப்பார், பிறகு வந்து வாங்கிப் போவார். அவ்வளவுதான்.

புது விளையாட்டின் பெயர் விருந்து. திரையில் பந்தி. வாழை இலை போட்டு ஒரு பெரியவர், ஓர் அம்மா, ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பார்கள். கீழே இட்லி, வடை, பாயசம் இருக்கும். விரலால் தொட்டு இழுத்து அவரவர் இலையில் வைக்க வேண்டும். நேரம் ஆனால் பெரியவர் முகம் சுருங்கும். பார்த்தவுடன் என் வலது கை போனது. யோசிக்கவே இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு எந்தக் கையால் போடுவோமோ அந்தக் கை தானாகப் போனது. இடது கை மடியில் கிடந்தது.

முருகேசன் பக்கத்தில்தான் இருந்தார். அவர் தங்கை செல்வி, கொடும்பாளூரில் கட்டிக்கொடுத்தவள், தினமும் பஸ் ஏறி வந்து எனக்கு ஆட்டுக்கால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவளும் இருந்தாள். ஒருத்தருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. ஒரு தடவை எனக்கே ஜெனிபர் சொன்னது லேசாக ஞாபகம் வந்து, இடது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கிப் பாயசத்தின்மேல் வைத்தேன். செல்வி கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன மதினி நீங்க? படத்துல இருந்தாலும் பெரியவரு பெரியவருதான். பீச்சாங்கையால போடாதீங்க."

நானும் சரிதான் என்று எடுத்துக்கொண்டேன். பலூனுக்குத்தான் இடது கை, பந்திக்கு இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அதன்பிறகு பார்க்க வேண்டுமே. "அருமை வளர்மதி! மிகச் சிறப்பு!" நட்சத்திரமாகக் கொட்டியது. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துப் பந்தியை நீட்டியது. கல்யாண மண்டபம் வந்தது. சாம்பார், ரசம், மோர் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நானும் போட்டுக்கொண்டே இருந்தேன். முருகேசன் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். கை கும்பிடுகிற படங்களும் பூங்கொத்துப் படங்களுமாக வந்து குவிந்தன.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் டேப்லட்டை வாங்கிப் பார்த்தார். இடது கை, முன்னேற்றம் என்று ஒரு கோடு மலையேறியிருந்தது. "வெரி குட்" என்று சொல்லிவிட்டு என் இடது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பி விழுந்தது. விரலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நான் பிடித்ததே அவருக்குத் தெரியவில்லை போல. திரும்ப டேப்லட்டைப் பார்த்தார். திரும்ப என் கையைப் பார்த்தார்.

"வெளயாடும்போது நல்லா வேலை செய்யுதே?"

"தெரியலையே டாக்டர்" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் வாங்கிய மார்க்கு என்னுடையது, ஆனால் அதை இடது கையின் கணக்கில் எழுதியிருப்பதை நான் பார்க்கவே இல்லை.

மறுபடி ஒரு எம்ஆர்ஐ. குகை மாதிரி ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டு, தகரக் கொட்டகையில் சம்மட்டி அடிப்பது போன்ற சத்தத்தைக் காதில் விடுவார்கள், ஆடாமல் கிடக்க வேண்டும். பில்லை முருகேசன் என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதிதாக ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நல்ல செய்திதான், ஆனால் அதோடு விடவில்லை. அடுத்தது மனநல மருத்துவர்.

அவர் தன்மையான மனிதர். தன்மையாகப் பேசியதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சில பேருக்குக் கையில் கோளாறே இல்லாமல்கூடக் கை வேலை செய்யாமல் போகலாம், அவர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை, மனசுக்குள் ஏதாவது பாரம் இருக்கும் என்று விளக்கினார். பிறகு கேட்டார், "வேலைக்குத் திரும்பிப் போறதுல உங்களுக்கு ஏதாவது தயக்கம் இருக்காம்மா?"

எனக்கா தயக்கம்? கியர் ராடைக் கனவில் பிடித்துக்கொண்டு கிடக்கிற எனக்கா? நான் கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்த அந்தப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் முருகேசன் காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, மனசுல எதுவும் இருந்தா எங்கிட்டச் சொல்லு. ஒனக்கு முடியலன்னா ஸ்கூல மூடிருவோம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னை உடைத்துவிட்டது. இந்த மனிதரும் நம்பவில்லையா? அழுதேன். பிறகு அதைவிட மோசமான ஒன்று நடந்தது, எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே நான் நடிக்கிறேனோ? எனக்குத் தெரியாமல் என் மனசு இந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கிறதோ? கையைப் பார்த்து, "தூக்குடி, தூக்கித் தொலையேன்" என்று திட்டினேன். அது கிடந்தது.

ஜெனிபர் லீவு முடிந்து வந்தாள். விவரம் கேட்டவள் நேராக டேப்லட்டை எடுத்து என்முன் வைத்து, "வெளயாடுங்கக்கா, பாக்குறேன்" என்றாள். நான் ஆரம்பித்தேன். பெரியவருக்கு இரண்டு வடைகூட வைத்திருக்கமாட்டேன்.

"அக்கா. எந்தக் கையில வெளயாடுறீங்க?"

"சோத்தாங்கையிலதான். பின்ன?"

"இத்தனை நாளும் இதுலயா?"

"விருந்தாளிக்குப் பீச்சாங்கையாலயா போடுவாங்க?"

ஜெனிபர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தக் கை தொடுதுன்னு அதுக்குத் தெரியாதுக்கா. விரல் பட்டாப் போதும், எடது கைன்னு எழுதிக்கும்."

முருகேசன் கதவோரம் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது, நான் நடிக்கவில்லை. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. முதல் சில வாரங்களில்தான் மூளை புதுசாகப் பாதை போட்டுக்கொள்ளுமாம், அதில் எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவு லாபம் என்று ஜெனிபரே சொல்லியிருந்தாள். அந்த அருமையான நாட்களில் நான் வலது கையால் ஊருக்கே விருந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெனிபர் விளையாட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பையன் பேசினான். "மேடம், யூசர்ஸ் விரும்பி வெளயாடணும்னு நம்ம கல்ச்சருக்கு ஏத்த மாதிரி பண்ணது மேடம் அது."

நான் போனை வாங்கினேன். "தம்பி, நம்ம கல்ச்சர்ல பந்தியில எந்தக் கையால போடுவீங்க?"

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டுக் கேட்கிற சத்தம் வந்தது. பிறகு, "டீம்ல சொல்றோம் மேடம்" என்றான்.

அவர்கள் டீமில் சொல்லட்டும். ஜெனிபர் காத்திருக்கவில்லை. தானாக மாற்றிக்கொள்கிற வேலையை அணைத்துவிட்டு, பலூன் எங்கே வர வேண்டும், எவ்வளவு வேகம் என்று தானே வைத்தாள். என் வலது கைக்கு ஒரு துணிப்பையை மாட்டி முடிச்சுப் போட்டாள். "இப்பச் சொல்லுங்க. ஒங்க எடது கை இத்தனை வருஷமா என்ன வேலை பாத்துச்சு?"

"கியர் போட்டுச்சு. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்."

அன்று மத்தியானமே முருகேசன் ஸ்கூலிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதிதாக வருகிறவர்களுக்குக் கியர் பழக்க, பழைய வண்டி ஒன்றின் கியர் ராடை மரப்பலகையில் பொருத்தி வைத்திருக்கிறோம். அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். வாசலில் செக்யூரிட்டி இது என்ன என்று கேட்டதற்கு, மருந்து என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

நான்காவது கியர் விழுந்தது. பின்னால் இழுத்தால் போதும். முதல் கியர் விழவில்லை. அதற்குக் கையை உடம்பிலிருந்து விலக்கி, இடது பக்கம் தள்ளி, முன்னால் நீட்ட வேண்டும். பக்கவாதம் வந்த கை உடம்பை நோக்கி மடங்கத்தான் பார்க்குமாம், விலகி நீள்வதுதான் கடைசியில் வருமாம். ஓடுகிற வண்டியை ஓட்டுவேன், நிற்கிற வண்டியைக் கிளப்ப முடியாது. இப்படியும் ஒரு வியாதி. ஜெனிபர் பலூன்களை எல்லாம் திரையின் இடது மேல் மூலைக்கு, முதல் கியர் இருக்கிற இடத்துக்கு நகர்த்திவிட்டாள். நான் திட்டிக்கொண்டே நீட்டினேன். "பரவாயில்லை வளர்மதி" என்கிற குரலையும் அவளே அணைத்தாள். அதற்காகவே அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

முருகேசன் தினமும் பலகையோடு வருவார். "பர்ஸ்ட்டு" என்பார். நான் தள்ளுவேன். "விழல. இன்னொரு தடவ." எதிர்க் கட்டில்காரர் தன் வலியை மறந்து, "விழுந்துருச்சா, விழுந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். செல்வி சூப்பை ஆற்றிக்கொண்டே, "இருந்தாலும் நான் சொன்னதுல என்ன தப்பு?" என்பாள். தப்பே இல்லை, அதுதான் தொல்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வரும்போதுகூட முதல் கியர் பத்துக்கு இரண்டு தரம்தான் விழுந்தது. வீட்டில் கூடத்தில் பலகை, வாரத்துக்கு இரண்டு நாள் ஜெனிபர் என்று பல மாதம் போனது. ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒருவழியாக எழுதிக்கொடுத்தார்.

போன வாரம் டவுனுக்கு வெளியே நாங்கள் வகுப்பு எடுக்கிற மைதானத்துக்குப் போனோம். எங்கள் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் அங்கிருந்து மிதித்துச் சமாளிப்பார், பாதிப் பேர் தாங்களே ஓட்டியதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். அந்த சீட்டில் முருகேசன் உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்து, இடது கையை எடுத்துக் கியர் ராடின்மேல் வைத்துத் தள்ளினேன். கரகரவென்று சத்தம் வந்தது. மறுபடி தள்ளினேன். விழுந்தது. காலை மெதுவாக எடுத்தேன். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நகர்ந்தது.

அவ்வளவு சுத்தமாக நகர்ந்ததும் எனக்குச் சுரீர் என்றது. அத்தனை 'அருமை'யையும் அத்தனை நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டு வந்தவள் நான். இது நான் எடுத்த வண்டிதானா?

"நீங்க அங்கிட்டு மிதிக்கிறீங்களா?"

வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

"கேக்குறேன்ல? மிதிக்கிறீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டு, இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னையப் பாக்காத," என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டு."